சாவி யார் இடுப்பில்?

நான் இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலை ஒரகடம் பக்கம் இருக்கிறது. கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்கிறோம். அங்கே ஒவ்வோர் இரவும் ஒரு மென்பொருள் எல்லா பிஎல்சிகளையும் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. பிரஸ், வெல்டிங் லைன், பெயிண்ட் பூத், கன்வேயர், கம்ப்ரசர் ரூம் என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒவ்வொன்றோடும் ஆன்லைன் போகும். உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமையும் எங்கள் சர்வரில் உள்ள நகலையும் ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொண்டு, இணைப்பை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும். காலை ஷிப்ட் வருவதற்குள் அறிக்கை மின்னஞ்சலில் வந்துவிடும்.

இந்த ஒரு வேலைக்காகத்தான் ஒரு காலத்தில் எங்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். அரியலூர், பள்ளிபாளையம், தூத்துக்குடி, ஓசூர். ஆன்லைன் போகத் தெரிந்தவன் என்பதற்காகவே நள்ளிரவில் லாட்ஜ் கதவைத் தட்டி எழுப்பி, கம்பெனி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

பிஎல்சி என்பது, மோட்டார் எப்போது ஓட வேண்டும், வால்வு எப்போது திறக்க வேண்டும், எந்த நிலையில் எல்லாமே நின்றுவிட வேண்டும் என்று ஒரு விநாடிக்குள் பல முறை முடிவெடுத்துக்கொண்டே இருக்கும் தொழிற்சாலைக் கணினி. 1968-ல் அமெரிக்காவில் டிக் மார்லியும் அவருடைய பெட்ஃபோர்ட் அசோசியேட்ஸ் கூட்டாளிகளும் வடிவமைக்கத் தொடங்கியது. அவர்களுடைய எண்பத்து நான்காவது திட்டம் என்பதால் முதல் கருவிக்கு மாடிகான் 084 என்று பெயர் வந்தது. கார் தொழிற்சாலைகளில் சுவர் முழுக்க அடைத்து நின்ற ரிலே பேனல்களுக்கு அது மாற்று. மாடல் மாறும்போதெல்லாம் ஒயரைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்த ஆட்களின் வேலை அதனால் குறைந்தது. அந்த இடத்தில், புரோகிராமைத் திறந்து பார்க்கும் ஆள் தேவைப்பட்டார். நான் அப்படி உள்ளே வந்தவன். ஒயர்காரரின் இடத்துக்கு நான் வந்தேன். என் இடத்துக்கு அந்த இரவு மென்பொருள் வந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அதை எழுதச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அரியலூர் பக்கத்து சிமெண்ட் ஆலை ஒன்றில் சீமென்ஸ் எஸ்5-115யு பிஎல்சிகள் இருந்தன. அவற்றோடு பேச பிஜி 685 என்ற புரோகிராமர் வேண்டும். தூக்கிப் போகலாம் என்றுதான் பெயர். கைப்பிடி வைத்த தையல் மெஷினைப் பெட்டியோடு தூக்குவதுபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, மோட்டார் பேனல்கள் இருக்கும் எம்சிசி ரூம் படியேற வேண்டும். பிஎல்சியின் முகப்பில் பதினைந்து பின் சாக்கெட் ஒன்று உண்டு. கேபிளைச் செருகினால் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டச் சுற்றில், விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் இரண்டும் பேசும். ஒரு பிளாக்கைக் கேட்டால் அது திரையில் வருவதற்குள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்ள நேரம் இருக்கும். ஒரு சாக்கெட், ஒரு கேபிள், ஒரு ஆள். இன்னொருவர் அதே நேரத்தில் அதே பிஎல்சிக்குள் நுழைய வழியே இல்லை.

கேபிளைச் செருகுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை எங்கள் சீனியர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார். பெட்டியைப் பேனல் அருகில் இறக்கி வை, திறக்காதே. முதலில் மெஷினுக்குப் போ. சுற்றி வா. பெல்ட்டுக்கு அடியில், ஹாப்பருக்குள், கார்டைக் கழற்றிவிட்டு யாராவது வேலை செய்கிறார்களா என்று பார். ஆப்பரேட்டரிடம் பேசு. ஷிப்ட் இன்சார்ஜிடம் பெர்மிட் வாங்கு. அதற்கு அப்புறம்தான் கேபிள். இதில் ஒன்றை விட்டாலும் அவர் அன்று முழுக்க நம்மிடம் பேச மாட்டார். திட்டுவதைவிட அது மோசம்.

பேக்கிங் செக்ஷனில் ஒரு ஆப்பரேட்டர் அண்ணன் இருந்தார். சிமெண்ட் தூசு படிந்த துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு கண்ணால் மட்டுமே பேசுகிறவர். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்குவார்.

"என்ன தம்பி, பெட்டியத் தொறக்கப்போறியா?"

"ஆமாண்ணே. ரெண்டாவது பெல்ட்டு ஏன் ட்ரிப் ஆகுதுன்னு பாக்கணும்."

"பாரு, பாரு. பாக்குறதுக்கு எங்கிட்ட கேக்க வேணாம். ஏதாச்சும் மாத்துறதா இருந்தா மட்டும் ஒரு கொரல் குடு. ஸ்பவுட்டுல பயலுவ கை வெச்சிருப்பானுவ."

பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை. நாங்கள் புரோகிராம் எழுதும் ஸ்டெப் 5 அவருக்குத் தெரியாது. லேடர் டயகிராமைத் திரையில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆனால் நான் திரையில் ஒரு பிட்டை மாற்றினால் அந்தப் பிட்டின் மறுமுனையில் யாருடைய விரல் இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

மாற்றுவதும் அன்றைக்கு லேசில்லை. சோதனை முடிந்து நன்றாக ஓடும் புரோகிராமை ஈப்ராம் மெமரியில் எழுதி பிஎல்சிக்குள் சொருகிவிடுவோம். அதன் பிறகு ஒரு கான்டாக்டை மாற்ற வேண்டுமென்றாலும் மின்சாரத்தை நிறுத்தி, மெமரியைக் கழற்றி, புறஊதா விளக்கின் அடியில் வைத்து அழித்து, மறுபடி எழுத வேண்டும். அழிவதற்கே டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். அந்தத் தாமதம் அப்போது என் பொறுமையைச் சோதித்தது. ஆனால் அவசரத்தில் ஒன்றை எழுதிவிட்டு ஓடிவிட முடியாதபடி அது எங்களைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து, "எதுக்கு மாத்துறீங்க?" என்று கேட்டுவிடுவார்.

அடுத்து எஸ்7-300 வந்தது. பெட்டி போய் லேப்டாப் வந்தது. எம்பிஐ என்ற வலையில் விநாடிக்கு 187.5 கிலோபிட் வேகம். எங்களுக்கு அது காற்றாகப் பறந்தது. ஊதா நிற கேபிள், இரண்டு முனையிலும் டெர்மினேஷன் சுவிட்ச், பிஎல்சிக்கு முகவரி 2, லேப்டாப்புக்கு 0. இரண்டு பேர் ஒரே முகவரியோடு கேபிளைச் செருகிவிட்டால் வலை குழம்பும். யார் என்று கண்டுபிடிக்க ஹால் முழுக்க நடக்க வேண்டும்.

அந்த பிஎல்சியின் மூளையான சிபியு-வின் முகத்தில் ஒரு சாவித் துளை இருந்தது. நான்கு நிலைகள்: ரன்-பி, ரன், ஸ்டாப், மெமரியை அழிக்கும் எம்ரெஸ். ரன்-பியில் இருந்தால் புரோகிராமைப் பார்க்கலாம், மாற்றலாம். சாவியை உருவ முடியாது. ரன்னில் இருந்தால் பார்க்க மட்டும்தான் முடியும். சாவியை உருவிக்கொண்டு போய்விடலாம். ஆப்பரேட்டர் அண்ணன் வாயால் சொன்னதை யாரோ ஜெர்மனியில் சாவியாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிபாளையம் பக்கத்தில் ஒரு காகித ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ் எல்லா சிபியு சாவிகளையும் ஒரு வளையத்தில் கோத்து பெல்ட்டில் மாட்டியிருப்பார். மாற்றம் செய்ய வேண்டுமென்றால் அவரைத் தேடிப் போக வேண்டும். அவர் சாவியைக் கொடுத்து அனுப்ப மாட்டார், கூடவே வருவார். ட்ரையர் செக்ஷனில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஆட்களை விலகச் சொல்லிவிட்டு, அவரே சாவியைத் திருப்புவார். வேலை முடிந்ததும் அவரே ரன்னுக்குத் திருப்பி உருவிக்கொள்வார். "ஏம்ப்பா, லாக்புக்ல எழுதிட்டியா?" என்பது அவருடைய கடைசிக் கேள்வியாக இருக்கும்.

2000-களின் தொடக்கத்தில் மெமரி கார்டு போடும் புதிய எஸ்7-300 வந்தபோது சாவி காணாமல் போனது. ரன், ஸ்டாப், எம்ரெஸ். விரலால் தள்ளும் சின்ன நெம்பு. ரன்-பி என்ற நிலை இல்லை. ரன்னிலேயே எல்லாம் செய்யலாம். பாதுகாப்பு வேண்டுமென்றால் பாஸ்வேர்டு போட்டுக்கொள்ளலாம். நான் பார்த்த ஆலைகளில் பெரும்பாலும் யாரும் போடவில்லை. 2009-ல் எஸ்7-1200 வந்தது. அதில் அந்த நெம்பும் இல்லை. தொடுவதற்கு ஒரு சுவிட்சுகூட இல்லாத சிபியு. ஓட வைப்பதும் நிறுத்துவதும் கம்ப்யூட்டரிலிருந்துதான். அதற்குள் ஈதர்நெட்டும் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. ஏசி போட்ட இன்ஜினியரிங் ரூமில் உட்கார்ந்தபடி தொழிற்சாலையின் எந்த மூலைக்கும் ஆன்லைன் போகலாம். மெஷினைச் சுற்றி வருவது நடைமுறையிலிருந்து தானாகவே உதிர்ந்தது. வேண்டாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. நடக்க வேண்டிய அவசியம் போனது, அதோடு நடையும் போனது.

வசதி கூடியதும் மாற்றங்களும் கூடின. ராத்திரி ஷிப்டில் ஒரு சென்சார் மக்கர் செய்தால் அதை புரோகிராமில் தாண்டிவிட்டு உற்பத்தியை ஓட்டுவார்கள். காலையில் சென்சார் மாற்றப்படும். புரோகிராம் அப்படியே இருக்கும். நல்ல மாற்றங்களும் அப்படித்தான் பதிவில்லாமல் சேர்ந்தன. எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் இடி இறங்கி சிபியு எரிந்துபோனது. புதிய சிபியு-வை மாட்டி, அலமாரியில் இருந்த பேக்அப் சிடியை ஏற்றினார்கள். ஓடியது. ஆனால் அந்த பேக்அப் எடுத்ததற்கு அப்புறம் ஒரு மழைக்காலத்தில், முன்னால் இருக்கும் பெல்ட் நின்றால் பின்னால் இருப்பதும் நிற்க வேண்டும் என்று ஓர் இன்டர்லாக்கைச் சேர்த்திருந்தார்கள். அது சிடியில் இல்லை. முன் பெல்ட் நின்றது, பின் பெல்ட் கொட்டிக்கொண்டே இருந்தது. ஷூட் அடைத்து, தரை நிறைந்து, இரண்டு ஷிப்ட் ஆட்கள் மண்வெட்டியால் அள்ளினார்கள். யாருக்கும் அடிபடவில்லை. பிஎல்சிக்குள் என்ன ஓடுகிறது என்று அந்த ஆலையில் ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது என்பதுதான் அன்று எல்லோரையும் உலுக்கியது.

இந்தப் பயம் நெடுநாள் எனக்குள் இருந்தது. அதனால்தான் தானியங்கிக் கருவியை நான் இருகை நீட்டி வரவேற்றேன்.

பிஎல்சிகளுக்குப் புரோகிராம் எழுதும் சீமென்ஸின் டிஐஏ போர்ட்டல் மென்பொருள் 2010-ல் வந்தது. அதோடு ஓப்பன்னெஸ் என்ற வாசலும் பின்னால் சேர்ந்தது: மனிதர் மவுஸால் செய்யும் வேலையை நாம் எழுதும் ஒரு சிறு நிரல் செய்வதற்கான வழி. கோடெசிஸ் மென்பொருளில் அதையே பைத்தான் ஸ்கிரிப்ட்டால் செய்யலாம். எங்கள் தொழிற்சாலையில் இதை எழுதியவர் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் பொறியாளர். பாலிடெக்னிக் முடித்து, மாலை வகுப்பில் பி.இ. படித்தவர். சி ஷார்ப்பை வேலைக்கு நடுவே தானே கற்றுக்கொண்டார். முதல் முறை ஓட்டிக் காட்டியபோது நான் அவர் பின்னால் நின்று பார்த்தேன். திரையில் போர்ட்டலே திறக்கவில்லை. அது முகம் காட்டாமல் பின்னணியில் ஓடும். முதல் தடவை மட்டும், இந்த நிரலை உள்ளே விடலாமா என்று போர்ட்டல் கேட்டது. விண்டோஸில் அதற்கென்று உள்ள பயனர் குழுவில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் அந்தக் கேள்விகூட வராது, கதவே திறக்காது.

அவர் எழுதியதை வரி வரியாகப் படித்துக் காட்டச் சொன்னேன். எந்த நெட்வொர்க் கார்டு வழியாகப் போக வேண்டும், எந்த முகவரி என்று முதலில் அமைக்கிறது. பிறகு ஆன்லைன் கட்டளை. உடனே நிலையைக் கேட்கிறது: இணைந்ததா, எட்டவில்லையா, பொருந்தாத சிபியு-வா, பாஸ்வேர்டு காக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வழி. எட்டவில்லை என்றால் குறித்துவிட்டு நகர்கிறது. நாங்களாக இருந்தால் கேபிளை ஆட்டிப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்போம். இணைந்தால் ஒப்பிடுகிறது. போர்ட்டலைத் திறந்து கையால் செய்தால் வித்தியாசமான பிளாக் அருகில் பாதி நீலம் பாதி ஆரஞ்சு வட்டம் தெரியும். இங்கே அது அட்டவணையில் ஒரு வரி. கடைசியில் ஒரு பகுதி. நடுவில் என்ன பிழை வந்தாலும், எதில் தடுக்கி விழுந்தாலும், வெளியே வருவதற்கு முன் அந்தப் பகுதி ஓடியே தீரும். அதில் ஒரே வேலை: ஆஃப்லைன் போ.

அந்த வரியில் நின்று நிதானமாகப் படித்தேன். ஒரு சிபியு ஏற்கும் இணைப்புகளுக்கு எண்ணிக்கை உண்டு. ஒருவர் ஆன்லைனில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த இடம் அடைபட்டே கிடக்கும். அவசரத்துக்கு இன்னொருவர் நுழைய முடியாமல் நிற்பார். இணைப்பை மூடிவிட்டு எழுந்திரு என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு இரண்டு வாரம் செய்வார்கள். இந்த நிரல் ஒவ்வொரு முறையும் செய்கிறது. களைப்பில்லாமல் ஒழுங்கைக் காக்கும் ஒன்று கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அறிக்கை வரத் தொடங்கிய பிறகு பதிவில்லாத மாற்றங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அவற்றைச் செய்தவர்களிடம் நாங்கள் கோபப்படவில்லை. ஏன் மாற்றினீர்கள் என்று உட்கார்ந்து கேட்டோம். பல மாற்றங்கள் சரியானவை. நகலைத்தான் திருத்த வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆன்லைனில் பார்ப்பதே உண்மை என்ற நம்பிக்கை 2010-ல் உடைந்தது. ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலை அந்த ஆண்டு பெலாரஸ் நாட்டின் ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. எங்கள் தொழிலில் இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. காரணம், அது தாக்கியது எங்கள் கைப்பொருளை. ஸ்டெப் 7 மென்பொருள் பிஎல்சியோடு பேசும் ஒரு டிஎல்எல் கோப்பை எடுத்துவிட்டுத் தன்னுடையதை அந்த இடத்தில் வைத்தது. பொறியாளர் ஆன்லைன் போய் பிளாக்குகளைக் கேட்டால், தான் நுழைத்தவற்றை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் காட்டியது. மையவிலக்குக் கருவிகளின் வேகத்தை நிர்ணயிக்கும் டிரைவ்களின் அதிர்வெண் 1,410 ஹெர்ட்ஸ் வரை ஏற்றப்பட்டு, 2 ஹெர்ட்ஸ் வரை இறக்கப்பட்டபோதும், லேப்டாப்பில் புரோகிராம் பழுதில்லாமல் தெரிந்திருக்கும். எங்கள் இரவு மென்பொருளும் அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டரில் ஒரு டிஎல்எல் வழியாகத்தான் பேசுகிறது. ஆகவே அந்த கம்ப்யூட்டரில் இணையம் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது, பென்டிரைவ் போட முடியாது. அறிக்கையை வெளியே எடுத்து அனுப்புவது இன்னொரு மெஷின். இதற்காக ஐடி ஆட்களோடு நான் நிறைய மல்லுக்கட்டினேன். அவர்கள் பொறுமையாகச் செய்து கொடுத்தார்கள்.

2017-ல் நடந்தது என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. சவூதி அரேபியாவின் ஒரு பெட்ரோ கெமிக்கல் ஆலையில் ட்ரைகோனெக்ஸ் என்ற பாதுகாப்புக் கன்ட்ரோலர்களுக்குள் ஒரு நிரல் நுழைந்தது. அழுத்தமோ வெப்பமோ எல்லை மீறினால் ஆலையை நிறுத்துவதற்கென்றே இருக்கும் கன்ட்ரோலர்கள் அவை. வேறு எது தோற்றாலும் ஆட்களின் உயிரைக் காக்கக் கடைசியாக நிற்பவை. ட்ரிட்டான் என்று பெயர் பெற்ற அந்தத் தாக்குதலில், கன்ட்ரோலரோடு பேசும் மொழியைப் பைத்தானில் எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பொறியாளர் நல்லதற்காகச் செய்ததை அவர்கள் தீயதற்காகச் செய்திருந்தார்கள். அந்தக் கன்ட்ரோலர்களின் முகத்தில் சாவி இருந்தது. அது ரன் நிலையில் இருந்தால் புதிய புரோகிராமை உள்ளே எழுத முடியாது. ஆனால் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. கன்ட்ரோலர்கள் பிழையை உணர்ந்து ஆலையை நிறுத்தியதால்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிபாளையத்து ஷிப்ட் இன்சார்ஜின் பெல்ட்டில் தொங்கிய அந்த வளையம் எனக்கு ஞாபகம் வந்தது.

போன ஆண்டு எங்கள் பொறியாளர் ஒரு யோசனையோடு வந்தார். கன்வேயர் லைனில் ஒரே மாதிரியான ஸ்டேஷன்கள் பல இருக்கின்றன. ஒரு திருத்தம் செய்தால் எல்லாவற்றிலும் கையால் டவுன்லோடு செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறது.

"சார், கம்பேர் பண்ற மாதிரியே டவுன்லோடையும் ராத்திரி ஓட்டிடலாம். கோட் ரெடியா இருக்கு."

அவர் எழுதியிருந்தது நல்ல கோட். டவுன்லோடு என்பது ஒரு கட்டளையில் முடிவதில்லை. போர்ட்டல் வழக்கமாகத் திரையில் கேட்கும் கேள்விகளை எல்லாம் நிரலிடம் கேட்கும். மாட்யூல்களை நிறுத்தலாமா? எல்லா பிளாக்குகளையும் ஏற்றலாமா? டேட்டா பிளாக்குகளின் மதிப்பு அழிந்துபோகுமே, சம்மதமா? முடிந்ததும் ஓட்டிவிடலாமா? நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தச் சம்மதம் தராவிட்டால் டவுன்லோடு நடக்காது. அதை வடிவமைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பொறியாளர் ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருந்தார். நிறுத்தலாம். ஏற்றலாம். ஓட்டலாம்.

"அந்த 'ஓட்டலாம்'ங்கிறத யார் சொல்றாங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஸ்கிரிப்ட் சொல்லுது சார்."

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டேஷன் ஏழுல மெயின்டனன்ஸ் பையன் உள்ள குனிஞ்சிருந்தா?"

"அவங்க லாக்கவுட் போட்டுருக்கணும் இல்ல சார்?"

போட்டிருக்க வேண்டும். பூட்டும் அட்டையும் போடாமல் யாரும் மெஷினுக்குள் கை வைக்கக் கூடாது. அதற்கு மாற்றே இல்லை. ஆனால் அந்தப் பூட்டு ஒன்றைத் தவிர வேறு எதுவுமே நடுவில் இல்லாத ஏற்பாட்டை நான் ஏற்க மாட்டேன் என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை லைனுக்குப் போய், ஷிப்ட் ஆட்களோடு நின்று, ராத்திரியில் யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தார். நான் கேட்காமலேயே அவர் மெஷினைச் சுற்றி வந்திருந்தார்.

அதன் பிறகு நாங்கள் சேர்ந்து செய்தது இது. எங்கள் புதிய சிபியு-க்களில் அனுமதியை நான்கு நிலையாக வைக்கலாம்: முழு அனுமதி, படிக்க மட்டும், ஆப்பரேட்டர் திரைக்கு மட்டும், எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றினோம். இரவு ஒப்பீடு பாஸ்வேர்டு இல்லாமலேயே ஓடும். அந்த நிரல் எழுத நினைத்தாலும் எழுத முடியாது. டவுன்லோடு நிரலைத் தனியாகப் பிரித்தோம். அது பகலில், ஆள் உட்கார்ந்து தொடங்கினால் மட்டும் ஓடும். எழுதுவதற்கான பாஸ்வேர்டைக் கோப்பில் வைக்கவில்லை. தொடங்குகிறவர் அந்த நேரத்தில் தட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்டேஷன் பேனல் கதவிலும் சாவி போட்ட செலக்டர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, அதை பிஎல்சியின் ஓர் இன்புட்டுக்குக் கொண்டுபோனோம். டவுன்லோடு நிரல் முதலில் ஓபிசி யுஏ என்ற தொடர்பு முறை வழியாக அந்த இன்புட்டைப் படிக்கும். சாவி திரும்பியிருந்தால்தான் அந்த ஸ்டேஷனைத் தொடும். இல்லாவிட்டால் பட்டியலில் நிறுத்திவைத்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

அந்தச் சாவி பாதுகாப்புச் சாதனம் அல்ல. லாக்கவுட் பூட்டுக்கு அது ஈடாகாது. போர்ட்டலை நேரடியாகத் திறந்து, பாஸ்வேர்டும் தெரிந்த ஒருவர் சாவியைக் கேட்காமலே எழுதிவிட முடியும். ஆகவே பாஸ்வேர்டு தெரிந்தவர்களின் பட்டியல் சிறியதாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் கான்ட்ராக்டர் வேலை முடித்துப் போனால் அன்றே மாற்ற வேண்டும். எல்லாம் கூடுதல் வேலைதான். லைன் ஆட்கள் அதை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவிக்கொத்து வந்த அன்று ஷிப்ட் இன்சார்ஜ் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கிட்டயே இருக்கட்டும் சார்" என்று இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாவி போட்ட சிபியு-வை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பெயிண்ட் பூத்தில் மட்டும் இன்னும் பழைய எஸ்7-300 இருக்கிறது. அந்த வரிசையின் வழக்கமான விற்பனையை 2023-ல் சீமென்ஸ் நிறுத்திவிட்டது. இனி உதிரிபாகமாகத்தான் கிடைக்கும். அடுத்த ஷட்டவுனில் மாற்றுகிறோம். புதிய பேனலின் வரைபடத்தைப் பார்த்தபோது சாவி சுவிட்ச் கன்ட்ரோல் ரூமுக்குள் வரையப்பட்டிருந்தது. பூத்தின் உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அங்கிருந்து தெரியாது. இரண்டு கதவும் கண்ணுக்குத் தெரியும் தூணில் வைக்க வேண்டும் என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்பினேன். அப்படி வைத்தால் கேபிள் நீளம் கூடுகிறது, விலைப்பட்டியலை மாற்ற வேண்டியிருக்கும் என்று பர்ச்சேஸிலிருந்து பதில் வந்திருக்கிறது. கூடட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.